சிலுவையை எங்கும் கண்டவர்கள்

ஆபிரகாம் தன் வீட்டில் பிறந்த 318 ஆட்களைத் திரட்டிக்கொண்டு, சிறைப்பட்டுப்போன லோத்தை மீட்கப் புறப்பட்டதாக ஆதியாகமம் சொல்கிறது. இந்த எண்ணுக்குள் இயேசுவின் பெயரும் அவர் அறையப்பட்ட மரத்தின் உருவமும் ஒளிந்திருக்கின்றன என்று ஒரு பழைய கிறிஸ்தவ நூல் வாதிடுகிறது. ‘பர்னபாவின் திருமுகம்’ என்ற பெயரில் வழங்கும் அந்த நூல் கி.பி. 70-க்குப் பிறகு, 130-களுக்குள் எழுதப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. கிரேக்கத்தில் எழுத்துகளே எண்களாகவும் வழங்கின. பத்துக்கு இயோட்டா, எட்டுக்கு ஏட்டா. இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் இவைதான். முந்நூறுக்கு டௌ. நிமிர்ந்த கோட்டின் தலையில் ஒரு குறுக்குக் கோடு. அதுதான் அந்த எழுத்தின் வடிவம்.

வேத விளக்கமாகப் பார்த்தால் இது நிற்காது. எபிரேய மூலத்தில் அந்த எண் சொற்களால் எழுதப்பட்டிருக்கிறது. கிரேக்க எழுத்துகளுக்கு அங்கே வேலையே இல்லை. 318 என்பது 14-ஆம் அதிகாரத்தில் போருக்குப் போனவர்களின் கணக்கு. 17-ஆம் அதிகாரத்தில் விருத்தசேதனம் பெற்றவர்களுக்கு எண்ணிக்கை எதுவும் தரப்படவில்லை. நூலாசிரியரோ இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒன்றாக்கி, விருத்தசேதனம் பெற்றவர்களே 318 பேர் என்று எழுதிவிடுகிறார். ஆனாலும் இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. டௌ எழுத்தைக் காட்டியதுமே வாசகருக்குச் சிலுவை நினைவுக்கு வந்துவிடும் என்று அவர் நம்புகிறார். இரண்டுக்கும் வடிவம் ஒன்றுதான் என்று நிரூபிக்க அவர் மெனக்கெடவே இல்லை. அவர் நிறுவ வந்தது நிற்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டது நமக்குச் சான்றாகக் கிடைத்திருக்கிறது.

ஆதித் திருச்சபையினர் சிலுவையின் உருவத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை அறிய நமக்குள்ள முக்கியமான வழி, இப்படி எங்கு பார்த்தாலும் சிலுவையைக் கண்ட அவர்களுடைய பழக்கம்தான். நற்செய்தி நூல்கள் இதில் வெகு சிக்கனமானவை. மரத்தின் வடிவத்தை நான்கில் ஒன்றும் வருணிக்கவில்லை. குற்றப்பலகை தலைக்கு மேலே வைக்கப்பட்டதாக மத்தேயு சொல்கிறார். கைகளில் ஆணித் தழும்பு இருந்ததை யோவான் சொல்கிறார். மீதியை இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர்களிடமிருந்துதான் திரட்ட வேண்டும்.

அவர்களில் ஜஸ்டின் முதன்மையானவர். 155 வாக்கில் ரோமில் எழுதிய தற்காப்பு நூலில், சிலுவையின் உருவம் இல்லாமல் உலகில் ஒன்றும் இயங்காது என்கிறார். பாய்மரமும் அதில் குறுக்கே கட்டிய பருமலும் இல்லாமல் கப்பல் கடலைக் கடக்காது. ஏர் இல்லாமல் நிலம் உழப்படாது. கை விரித்து நிற்கும் மனிதன், முகத்தின் நடுவே நீண்டிருக்கும் மூக்கு, ரோமப் படை ஏந்திச் செல்லும் கொடிக்கம்பம் என்று பட்டியல் நீள்கிறது. பாய்மரமும் கொடிக்கம்பமும் பொருந்துகின்றன. மூக்கு வரும்போது வாதம் இளைத்துவிடுகிறது. அதே நூலில் கொஞ்சம் தள்ளி, பிளேட்டோ தன் ‘திமேயஸ்’ நூலில் உலக ஆன்மா ‘கை’ என்ற கிரேக்க எழுத்தின் வடிவில் பொருத்தப்பட்டதாகச் சொல்வதையும் சிலுவை என்கிறார். அந்த எழுத்து பெருக்கல் குறி போன்றது. ஒரே ஆசிரியர் ஒரே நூலில் பாய்மரத்தையும் பெருக்கல் குறியையும் சிலுவை என்கிறார் என்றால், ஒப்புமையின் ஆசை உருவத்தின் துல்லியத்தை மிஞ்சிவிட்டது என்றுதான் பொருள். எதையும் எதோடும் பொருத்தலாம் என்பதே இந்த முறையின் முதல் குறை.

ஆனால் இதே ஜஸ்டின், ‘திரிபோவுடன் உரையாடல்’ நூலில் பஸ்கா ஆட்டைப் பற்றிச் சொல்லும் இடம் வேறு தரத்தது. ஆட்டை வாட்டும்போது ஒரு கம்பியைக் கீழ்ப்புறத்திலிருந்து தலை வரை செருகுவார்கள். இன்னொன்றை முதுகின் குறுக்கே வைத்து முன்னங்கால்களை அதில் பிணைப்பார்கள் என்கிறார். 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, மாதுளைக் குச்சி ஒன்றை வாயிலிருந்து பின்புறம் வரை செருகச் சொல்கிறது. குறுக்குக் கம்பியைக் குறிப்பிடவில்லை. ஜஸ்டின் இட்டுக்கட்டினாரா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர் பிறந்த ஊர் சமாரியாவிலுள்ள பிளாவியா நெயாபொலிஸ், இன்றைய நாபுலுஸ். அதை ஒட்டிய கெரிசீம் மலையில் சமாரியர் இன்றும் பஸ்கா ஆடுகளைப் பலியிட்டு வாட்டுகிறார்கள். எருசலேம் ஆலயம் 70-இல் அழிந்த பிறகு பிறந்து வளர்ந்த ஒருவர், தன் ஊர் மலையில் பார்த்ததை எழுதியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எப்படியானாலும், ஆட்டுக்கு இரண்டு கம்பி தேவைப்படுவதே அவர் மனத்திலிருந்த சிலுவைக்கு இரண்டு மரங்கள் இருந்ததால்தான்.

இந்தச் சான்றுகளிலெல்லாம் எனக்கு வலுவாகப் படுவது வேறொன்று. லியோன் நகர ஆயர் இரேனியு, 180 வாக்கில் சிலுவைக்கு ஐந்து முனைகள் என்று எழுதுகிறார். நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு. ஐந்தாவது நடுவில் இருப்பது. ஆணியடிக்கப்பட்டவரின் உடல் அதில் தங்குகிறது. ஜஸ்டினும் நடுவே கொம்பு போல நீண்டிருக்கும் இந்த முளையைக் குறிப்பிடுகிறார். கார்த்தேஜில் தெர்த்துல்லியனும் நீட்டிய இருக்கையைச் சேர்த்தே சிலுவை முழுமை என்கிறார். இந்த இருக்கையைப் பற்றி நற்செய்திகளில் ஒரு சொல் கிடையாது. பக்திக்கும் அது உதவாது. உயிர் சட்டென்று போய்விடாதபடி உடலைத் தாங்கி, வேதனையை நீட்டிக்கும் முளை அது. இதை வேத வாசிப்பிலிருந்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. தண்டனை நிறைவேறிய இடத்தைப் பார்த்தவர்களுக்கு, அல்லது பார்த்தவர்களிடம் கேட்டவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். நான்காம் நூற்றாண்டில் இந்தத் தண்டனை ஒழிந்தது. அதன் பிறகு வந்த சிலுவை ஓவியங்களிலும் சிற்பங்களிலும் இருக்கை தென்படுவதில்லை. கண்ணால் கண்ட தலைமுறை போனதும் அந்த விவரமும் போய்விட்டது.

இரேனியு இதைச் சொல்லும் சந்தர்ப்பத்தையும் கவனிக்க வேண்டும். வலந்தீனியர் போன்ற ஞானவாதக் குழுக்கள் வேதத்தின் எண்களைக் கூட்டிக் கழித்துத் தங்கள் கொள்கைக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருந்தன. அந்த முறையைக் கண்டிக்கும் இடத்தில்தான், உங்களுக்குத் தேவைப்படாத ஐந்து என்ற எண்ணும் வேதமெங்கும் கிடக்கிறதே என்று எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறார். ஐந்து அப்பம், ஐந்து புத்தியுள்ள கன்னிகைகள், சிலுவையின் ஐந்து முனைகள். எண்களை வைத்து எதையும் நிறுவிவிடலாம் என்பதைத் திருச்சபைக்குள்ளிருந்தே ஒருவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இது சாட்சி. எதிராளி மறுக்க முடியாத உண்மையாக அவர் சிலுவையின் வடிவத்தை முன்வைப்பதால், அந்த விவரத்துக்கு நம்பகம் கூடுகிறது.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்ன கண்டார்கள்? லூசியன் பெயரில் வழங்கும் ஒரு நையாண்டி நூலில், சிக்மா எழுத்து டௌ எழுத்தின் மேல் உயிரெழுத்துகளின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறது. கொடுங்கோலர்கள் டௌவின் உடலைப் பார்த்துத்தான் மனிதரை அறையும் மரத்தைச் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. நேப்பிள்ஸ் அருகே புத்தேயொலியில் 1959-இல் வெளிப்பட்ட ஒரு சுவர்க்கிறுக்கலிலும் அறையப்பட்ட உருவம் இதே டௌ வடிவ மரத்தில்தான் இருக்கிறது. ரோமில் பலத்தீன் குன்றில் 1857-இல் கண்டெடுத்த சுவர்க்கிறுக்கலை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். கழுதைத் தலையுள்ள உருவம் ஒன்று முதுகைக் காட்டி, சிலுவையின் குறுக்கு மரத்தில் கைகளை விரித்து நிற்கிறது. பாதங்களுக்கு அடியில் ஒரு சிறிய குறுக்குக் கோடு. இடப்பக்கம் ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான். அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்ற பொருளில் கோணல்மாணலாகக் கிரேக்க எழுத்துகள். ஏறத்தாழ 200-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்தக் கேலிச்சித்திரத்தை வரைந்தவனுக்கு ஆபிரகாமின் 318 பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. அவன் கையும் குறுக்கு மரத்தைத்தான் வரைந்தது. வேத வாசிப்பும் வெளியார் சான்றும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன.

இதனால் விவகாரம் முடிந்துவிடவில்லை. சிலுவைகள் ஒரே விதமாக இல்லை என்று ரோமத் தத்துவஞானி செனெக்கா எழுதியிருக்கிறார். தலைகீழாகத் தொங்கவிட்டவர்களும் உண்டு, குறுக்கு மரத்தில் கைகளை விரித்தவர்களும் உண்டு. 70-இல் எருசலேம் முற்றுகையின்போது படைவீரர்கள் கைதிகளை விதவிதமான நிலைகளில் அறைந்து விளையாடியதை யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் பதிவு செய்திருக்கிறார். பர்னபா திருமுகமும் ஜஸ்டினும் தெர்த்துல்லியனும் தங்கள் காலத்துச் சிலுவைக்குத்தான் சாட்சி. கொல்கொதாவில் அந்த வெள்ளிக்கிழமை நட்ட மரத்துக்கு அவர்கள் நேரடிச் சாட்சி ஆக மாட்டார்கள். வழக்கமான வடிவம் எது என்பதையே அவர்களால் சொல்ல முடியும்.

முறையின் இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. ‘உரையாடல்’ நூலில் யூதரான திரிபோ நியாயமான ஒரு கேள்வி கேட்கிறார். மெசியா பாடுபடுவார் என்பதை ஏற்கிறேன். ஆனால் மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் சொல்கிறதே, அப்படியொரு சாவு அவருக்கு எப்படி வரலாம் என்பது அவர் சங்கடம். ஜஸ்டின் அங்கே முதலில் கொண்டுவருவது உருவங்களை. அமலேக்கியருடன் நடந்த போரில் கைவிரித்து நின்ற மோசே, உபாகமத்தின் காண்டாமிருகக் கொம்புகள். சாபத்தைப் பற்றிக் கேட்டவருக்கு வடிவத்தைப் பற்றிய பதில் கிடைக்கிறது. சாபத்தை அவர் பிறகு எடுத்துப் பேசத்தான் செய்கிறார்; ஆனாலும் உருவப் பொருத்தத்தைப் பார்த்தும் நம்பாதவர்கள் இதயம் கடினப்பட்டவர்கள் என்ற தொனி நூலெங்கும் உண்டு. பர்னபா திருமுகம் ஒரு படி மேலே போய், உடன்படிக்கையே யூதருக்கு உரியதல்ல என்கிறது. தங்கள் வேதத்தைத் தங்களுக்கே படிக்கத் தெரியாது என்ற பழி பிற்காலத்தில் யூதர்கள் மேல் எவ்வளவு கொடுமையாக விடிந்தது என்பதை அறிந்த நாம், இந்த வாதங்களை வெறும் பக்திக் கற்பனை என்று ரசித்துவிட்டுப் போக முடியாது.

எண்ணும் சும்மா இருக்கவில்லை. 325-இல் நிகேயாவில் கூடிய ஆயர்கள் 250-க்கு மேல் என்கிறார் அங்கே இருந்த யூசேபியுஸ். அரை நூற்றாண்டுக்குள் அந்தக் கணக்கு 318 என்று நிலைத்துவிட்டது. ஆயர் அம்புரோஸ் அதை ஆபிரகாமின் ஆட்களோடு நேராகவே இணைக்கிறார். உருவகம் வரலாற்றுக் கணக்கையே தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

வேத அறிஞர் ஓரிகன் மட்டும் வேறு வழியில் போயிருக்கிறார். எசேக்கியேலின் தரிசனத்தில் நெற்றியில் இடப்படும் அடையாளத்தைத் தெர்த்துல்லியன் கிரேக்க டௌ என்று படித்துத் திருப்தியடைந்தார். ஓரிகன் எபிரேயம் அறிந்தவர்களிடம் போய்க் கேட்டார். பழைய எழுத்து முறையில் அந்த எழுத்து சிலுவையைப் போல இருந்தது என்று, கிறிஸ்துவை ஏற்றிருந்த யூதர் ஒருவர் சொன்னதாகப் பதிவு செய்கிறார். அது சரியான தகவல்தான். பழைய எபிரேயத்தின் கடைசி எழுத்து குறுக்காக வெட்டும் இரண்டு கோடுகள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்தப் பண்பு அந்த மரபில் இன்னும் பெருகியிருந்தால், அதன் பலனும் கூடியிருக்கும், அதனால் வந்த தீங்கும் குறைந்திருக்கும்.

இன்று சிலர், இயேசு குறுக்கு மரம் இல்லாத ஒற்றைக் கம்பத்தில் அறையப்பட்டார் என்கிறார்கள். குறுக்கு மரம் பின்னாளில் பிற சமயங்களிலிருந்து நுழைந்தது என்பது அவர்கள் வாதம். அவர்கள் பர்னபா திருமுகத்தின் டௌவுக்கும் இரேனியுவின் ஐந்து முனைகளுக்கும் பலத்தீன் சுவருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இவை எல்லாமே, கிறிஸ்தவத்தை ஆதரித்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு முந்தியவை. மறுபக்கம், குறுக்கு மரத்துக்கு மேலே நடுமரம் நீண்டு நிற்கும் இன்றைய வடிவம் மட்டுமே சரி என்பவர்களுக்கும் அந்த எழுத்தாளர்கள் கைகொடுப்பதில்லை. தெர்த்துல்லியன் ஓரிடத்தில் டௌவைக் காட்டுகிறார், இன்னோரிடத்தில் பாய்மரத்தைக் காட்டுகிறார். இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாடு அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.