காது வழியே ஏறும் நிரல்

1982இல் பிரிட்டனில் சின்க்ளேர் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், நிரல்களைக் காதால் கேட்டே ஏற்றிக்கொண்டது. சாதாரண டேப் ரெக்கார்டரின் ஒலி பின்புறத்து ‘இயர்’ துளை வழியே நுழையும். அது ஏறி இறங்கும் இடைவெளிகளை இசட்80 செயலி அளந்து பிட்டுகளைப் பிரித்தெடுக்கும். அந்தக் கேசட்டுகள் பலவும் இன்று நைந்துவிட்டன. ரெக்கார்டர்களின் பெல்ட்டுகள் தொய்ந்துவிட்டன. ரெக்கார்டரின் இடத்தில் இப்போது ஓர் ஆர்டுயினோ நானோ, ஓர் எஸ்டி கார்டு, நாலைந்து பொத்தான்கள், கட்டைவிரல் அளவு திரை. டேப் எமுலேட்டர் என்னும் இந்த எளிய கூட்டில் நான் ரசிப்பது அதன் காலப்பிரமாணத்தை.

ஸ்பெக்ட்ரத்தின் கடிகாரம் 3.5 மெகாஹெர்ட்ஸ். அதன் ஒரு துடிப்புக்கு டி-ஸ்டேட் என்று பெயர். தலைப்புப் பகுதிக்கு முன்னால் 2168 டி-ஸ்டேட் நீளத்தில் 8063 பல்ஸ்கள் வரும். ஏறக்குறைய 5 நொடி, ஒரே சுருதி. இதுவே முன்னொலி. அடுத்து 667, 735 என்று இரண்டு குட்டிப் பல்ஸ்கள். தரவு தொடங்குகிறது என்பதற்கு அவையே அடையாளம். அதன்பின் 855 அளவில் இரண்டு வந்தால் 0. 1710 அளவில் இரண்டு வந்தால் 1. ஒன்றுக்குச் சரிபாதி சுழியம். இலக்கணம் இத்தோடு முடிந்தது.

இந்த இலக்கணத்தைக் கண்ணாலும் பார்க்கலாம். பல்ஸ் ஒவ்வொன்றும் முடியும்போது திரையின் ஓரத்து நிறத்தை ஸ்பெக்ட்ரம் மாற்றுகிறது. முன்னொலிக்குச் சிவப்பும் வெளிர்நீலமும் அகலப் பட்டைகளாக மெல்ல நகரும். தரவுக்கு நீலமும் மஞ்சளும் துடிக்கும். தடித்த பட்டை 1, மெலிந்த பட்டை 0. தான் கேட்பதை அப்படியே வரைந்து காட்டுகிற இந்தக் கணினியைப் போல வேறொரு வீட்டுக் கணினியை இவ்வளவு நெருக்கமாக நான் ரசித்ததில்லை. பட்டைகளுக்கு நடுவே 6912 பைட் முகப்புப் படம் கோடு கோடாக எழும். முதலில் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். கடைசி 768 பைட்டுகளில் மேலிருந்து கீழாக நிறம் இறங்கும்.

இதையெல்லாம் நானோவைக் கொண்டு செய்விப்பதில்தான் கைத்திறன் தெரியும். அதன் தற்காலிக நினைவகம் 2 கிலோபைட். ஏற்ற வேண்டிய ஆட்டமோ 40 கிலோபைட்டைத் தாண்டும். ஆகவே நினைவகத்தில் சிறு பஃபர்கள் இரண்டு வைப்பார்கள். ஒன்றிலிருந்து டைமர் இன்டரப்ட் பல்ஸ்களை எடுத்து வெளியே அனுப்பும்போதே, மற்றொன்றை எஸ்டி கார்டிலிருந்து நிரப்ப வேண்டும். கார்டு சில சமயம் தாமதிக்கும். அந்தத் தாமதம் வெளிவரும் பல்ஸைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் ஐந்து நிமிட ஏற்றம் ஒரு பிழைச்செய்தியில் நின்றுபோகும். நன்றாக எழுதிய நிரலில் கார்டின் தடுமாற்றம் வெளியே தெரியவே தெரியாது.

உண்மையான சோதனை ஸ்பீட்லாக் போன்ற நகல்தடுப்பு ஏற்றிகளில் இருக்கிறது. அவை கணினியின் நிரந்தர நினைவகமான ரோம் வகுத்த அளவுகளை விட்டுத் தமக்கென்று வேறு அளவுகளை வைத்துக்கொண்டவை. வெறும் பைட்டுகளைச் சேமிக்கும் டிஏபி கோப்பு அங்கே உதவாது. பல்ஸ் நீளங்களையும் இடைவெளிகளையும் குறித்துவைக்கும் டிஇசட்எக்ஸ் கோப்பு வேண்டும். டிஇசட்எக்ஸ்டுயினோ என்னும் ஆர்டுயினோ நிரல் அதைப் படித்து வாசித்துக் காட்டுகிறது. பழைய நிரலாளர் ஒவ்வொருவரின் தனிநடையும் அதில் பிழைத்திருக்கிறது.

பின்பக்க இணைப்பில் செருகி நொடிகளில் ஆட்டத்தை ஏற்றும் கருவிகளும் உண்டு, அவை பயனுள்ளவை. ஆனால் அவை வந்ததும் ரோமின் ஏற்றிக்கு வேலை இல்லாமல் போகிறது. எமுலேட்டரோ கணினியில் எதையும் மாற்றாமல், அது எதைக் கேட்கப் படைக்கப்பட்டதோ அதையே, அது கேட்கும் வேகத்திலேயே கொடுக்கிறது. பழைய கணினி ஒன்றைக் காப்பாற்றுவது என்றால் அதன் வேலையையும் சேர்த்துக் காப்பாற்றுவதுதான் என்று நம்புகிறவர்கள், இதையே முதலில் செய்துபார்க்க வேண்டும்.