விட்டு விட்டு எரியும் விளக்கும் நம் மின்னியல் பாடமும்

பழைய கார் வைத்திருப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அறவே எரியாத விளக்கைவிட, விட்டு விட்டு எரியும் விளக்குதான் அவரை அதிகம் வாட்டியிருக்கும். பட்டறைக்குக் கொண்டு போனால் ஒழுங்காக எரியும். வீடு திரும்பும் வழியில் மங்கிவிடும்.

என் காரின் முகப்பு விளக்கு ஒன்று இப்படித்தான் என்னை ஆட்டி வைத்தது. பல்பை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், பாட்டரியையும் மாற்றினேன். பிறகு விளக்கைக் கழற்றிவிட்டு, ஒயர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் காட்டியது. ஒயரில் குறையில்லை என்று முடிவு கட்டினேன். கடைசியில் ஒரு முதிய எலக்ட்ரீஷியன், "எர்த் சரியில்லை சார்" என்று சொல்லி, ஒயர் காரின் உடலோடு சேரும் திருகைக் கழற்றித் துருவைச் சுரண்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது ஏன் தெரியாமற் போயிற்று? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12 வோல்ட்டில் எரியும் 60 வாட் விளக்கு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதன் மின்தடை 2.4 ஓம். துருப்பிடித்த இணைப்பின் தடை 0.6 ஓம் என்று கொள்வோம். மொத்தத் தடை 3 ஓம். மின்னோட்டம் 4 ஆம்பியர். இணைப்பிலேயே 2.4 வோல்ட் போய்விடுகிறது. விளக்குக்குக் கிடைப்பது 9.6 வோல்ட்; திறன் சுமார் 38 வாட். (இழையின் தடை வெப்பநிலையோடு மாறுவதால் இது தோராயக் கணக்கே.) இணைப்பிலும் ஏறக்குறைய 10 வாட் வெப்பம் உண்டாகிறது. சூட்டில் உலோகம் விரிகிறது, சாலை அதிர்ச்சியில் அசைகிறது, தொடுமிடம் மாறுகிறது. பழுது வந்து வந்து போவது இதனால்தான்.

இனி மல்டிமீட்டரைப் பாருங்கள். அதன் தடை 10 மெகா ஓம் என்றால் அது எடுப்பது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. அவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு 0.6 ஓம் ஒரு பொருட்டல்ல. எனவே மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. விளக்கை எரியவிட்டு, பாட்டரியின் எதிர்முனைக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் இடையே அளந்திருந்தால் 2.4 வோல்ட் தென்பட்டிருக்கும். ஒயரை அசைத்தபடி அளந்தால் முள்ளோ எண்ணோ தடுமாறுவதையும் காணலாம்.

இந்தக் கணக்கில் ஓம் விதிக்கு மேல் ஏதுமில்லை. ஆனால் நம் பாடங்களில் ஒயர் என்பது தடையற்ற ஒரு கோடு. சுவிட்ச் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். மின்கலத்தின் அகத்தடையைச் சொல்லித் தருகிறோம், அது பாராட்டத்தக்கதே. அந்தக் கருத்தை இணைப்புக்குக் கொண்டு செல்வதில்லை. ஆய்வுக்கூடத்திலோ, "ஒயர் முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர்களாகிய நாமே முதலில் சொல்லிவிடுகிறோம். ஏன் தேய்க்க வேண்டும் என்று மாணவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. பழுது பாடமாவதற்கு முன்பே துடைக்கப்பட்டுவிடுகிறது.

ஓம் அவர்களே இத்தகைய தொல்லைக்கு ஆளானவர். 1825இல் அவர் பயன்படுத்திய மின்கலங்களின் மின்னோட்டம் நிலையாக இல்லாததால் சரியான விதி கிட்டவில்லை. 1826இல் பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையை, ஒரு சந்தியைக் கொதிநீரின் சூட்டிலும் மற்றதைப் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்துப் பயன்படுத்திய பிறகே விதி தெளிவாயிற்று. இந்த வரலாற்றை விட்டுவிட்டு 1827இல் வெளியான முடிவை மட்டும் மனப்பாடம் செய்விக்கிறோம்.

பாடத்திட்டத்தில் இதற்கு நேரமில்லை என்பார்கள். ஒரு மூடிய பெட்டிக்குள் கெட்ட இணைப்பு ஒன்றை வைத்து, "எங்கே பழுது?" என்று கேட்க ஒரே ஒரு பாடவேளை போதும். அதுவும் இல்லையேல், மாணவ நண்பர்களே, இரண்டு டார்ச் செல்கள், ஒரு பல்பு, ஒரு துருப்பிடித்த ஆணி கொண்டு வீட்டிலேயே செய்து பாருங்கள். பல்பு இருக்கும்போதும், கழற்றிய பிறகும் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பொருள்களை வீணாக வாங்கிய பின் நான் கற்றதை, செலவில்லாமல் நீங்கள் கற்றுக்கொள்ளலாம்.