புகை நுழையாத கூடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் பகுதியில் 1719-இல் மணற்கல்லால் எழுந்த ஹான்ஸ் ஹெர் வீட்டைப் பார்ப்பவர்கள் அதன் செங்குத்தான கூரையைத்தான் புகழ்வார்கள். என்னை ஈர்ப்பது அதன் அடுப்பங்கரை. இவ்வகை ஜெர்மானிய வீடுகளில் புகைபோக்கி வெளிச்சுவரில் இராது, வீட்டின் நடுப்பகுதியில் நிற்கும். அதற்கு ஒருபுறம் சமையலறை, மறுபுறம் கூடம். கூடத்தின் கணப்புக்குச் சமையலறைப் பக்கமிருந்தே சுவர்த் துளை வழியாகத் தணலைத் தள்ளுவார்கள். கூடத்துக்கு வெப்பம் மட்டும் வரும். புகையும் சாம்பலும் அந்தப் பக்கமே நின்றுவிடும். (சமைப்பவரின் கண்ணெரிச்சல் யார் கணக்கிலும் வரவில்லை.) ரைன் கரையிலிருந்து வந்து குடியேறிய மென்னோனைட் கிறிஸ்தவச் சபையினர் இந்த வீட்டிலேயே கூடி வழிபட்டதற்கு இந்த வசதியும் உதவியிருக்கும்.

ஊர்ப் பழக்கத்தை அப்படியே பெயர்த்து வைத்தார்கள், இதில் மெச்ச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பழக்கம்தான். ஆனால் பென்சில்வேனியாவின் பனிக்காலம் அவர்கள் விட்டுவந்த ரைன் கரையைவிடக் கடுமையானது. பயன்படாத பழக்கத்துக்காக, குடியேறி ஒன்பதே ஆண்டுகளில் யாரும் இத்தனை கல் சுமக்க மாட்டார்கள். 1970-களில் புதுப்பித்த வீடு எப்படிப் பழைய சாட்சியாகும் என்பது இன்னும் வலுவான கேள்வி. பிற்கால மாற்றங்களை நீக்கியதில் மீட்டவர்களின் ஊகமும் கலந்திருக்கும்தான். என்றாலும் கற்சுவர்கள் பழையவை; வாசல் மேற்கல்லில் ஆண்டும் ஹான்ஸின் மகன் கிறிஸ்டியன் ஹெரின் முதலெழுத்துகளும் உள்ளன. கட்டியவர் அந்த மகன்தான். பெயரை மட்டும் தந்தை ஹான்ஸ் தட்டிச் சென்றுவிட்டார்.