குரோக்குக்கும் ஒரு விளக்கு

வெள்ளை வெளேரென்ற உடம்பு, நீர்யானை மூக்கு, நுனியில் குஞ்சம் வைத்த ஒல்லி வால். மூமின்களைப் பீங்கான் கோப்பையிலும் குழந்தைகளின் படுக்கை விரிப்பிலும் மட்டுமே பார்த்தவர்கள், இவை கொஞ்சுவதற்கென்று செய்த பொம்மைகள் என்று நினைத்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஃபின்லாந்தின் அரபியா நிறுவனம் 1990 முதல் மூமின் கோப்பைகளைச் செய்துவருகிறது. அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகமெங்கும் உண்டு. நான்டாலி என்ற கடலோர ஊரில் 1993 இல் ஒரு மூமின் பூங்கா திறந்தார்கள். ஜப்பானில், தோக்கியோவிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹன்னோவில், 2019 இல் இன்னொன்று.

ஆனால் சிறுவயதில் மூமின் கதைப் புத்தகங்களைப் படித்துவிட்டு, தலை நரைத்த பிறகு மறுபடி கையில் எடுக்கிறவர்கள் கோப்பையையும் பூங்காவையும் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் மண்ணே உறைந்துபோகும் குரோக்கைப் பற்றிப் பேசுவார்கள். பயத்தில் உருவமே மறைந்துபோன ஒரு சிறுமியைப் பற்றி, ஆளில்லாத வீட்டில் நவம்பர் மழையைப் பார்த்தபடி காத்திருக்கும் ஆறு பேரைப் பற்றிப் பேசுவார்கள். டூவே யான்சன் என்ற பெண்மணி எழுதிய ஒன்பது மூமின் புத்தகங்களை வாசகர்கள் எண்பது ஆண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அவற்றின் இனிப்பு என்று நான் நம்பவில்லை. பயத்தை வாசலோடு விரட்டாமல், அதற்கும் பந்தியில் ஓர் இலை போட்ட புத்தகங்கள் இவை.

மூமின் பிறந்ததே பயத்திலிருந்துதான். ஸ்டாக்ஹோமில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த டூவே, இரவில் சமையலறைக்குள் நுழைந்து தின்பண்டம் எடுப்பாராம். அதை நிறுத்த மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அடுப்புக்குப் பின்னால் மூமின்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறது, திருடித் தின்பவர்களின் கழுத்தில் வந்து குளிர்ந்த மூச்சு விடும் என்று சொல்லிவைத்தார். நம்மூரில் பூச்சாண்டி பார்க்கும் அதே வேலை. பின்னாளில் அந்தப் பூச்சாண்டிக்குத்தான் டூவே உருண்டையான வயிறும் மெல்லிய மனசும் கொடுத்தார்.

1914 இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர் அவர். அப்பா விக்டர் யான்சன் சிற்பி. அம்மா சிக்னே ஃபின்லாந்தின் அஞ்சல்தலைகளுக்கும் ஏராளமான புத்தகங்களுக்கும் படம் வரைந்தவர். வீட்டில் பேசியது சுவீடிஷ். புத்தகங்கள் எல்லாம் அந்த மொழியில் எழுதியவைதான். ‘கார்ம்’ என்ற நையாண்டி இதழுக்கு டூவே பதின்வயதிலேயே வரையத் தொடங்கிவிட்டார். 1938 இல் அவர் வரைந்த ஒரு படத்தில் ஹிட்லர் கேக் கேட்டு அழுது அடம்பிடிக்கும் குழந்தை. போர் வந்தது, ஒரு தம்பி போர்முனைக்குப் போனான், ஹெல்சிங்கியில் குண்டுகள் விழுந்தன. அந்த ஆண்டுகளில்தான் கார்ம் படங்களின் மூலையில், அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்தில், நீண்ட மூக்குள்ள ஒரு சின்ன உருவம் எட்டிப்பார்க்க ஆரம்பித்தது.

முதல் புத்தகமான ‘பெருவெள்ளம்’ 1939 குளிர்காலத்தில் தொடங்கிக் கிடப்பில் போடப்பட்டு, 1945 இல் வெளிவந்தது. காணாமல்போன அப்பாவைத் தேடி அம்மாவும் பிள்ளையும் வெள்ளக்காட்டில் அலைகிற கதை. அடுத்த ஆண்டு வந்த ‘வால்நட்சத்திர வேட்டை’யில் வானம் சிவக்கிறது, கடல் வற்றிப்போகிறது, கடலடித் தரையில் பொய்க்கால் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நாடே போரிலிருந்து அப்போதுதான் தலைதூக்கியிருந்தது. அந்தச் சிவந்த வானம் எதுவென்று பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உலகம் அழியப்போகிறது என்ற செய்தியைத் தெரிந்துகொண்டு பிள்ளைகள் ஓடிவரும்போது வீட்டில் அம்மா கேக்குக்கு அலங்காரம் செய்துகொண்டிருக்கிறாள். இது அசட்டுத்தனம் என்று தோன்றலாம். கதைக்குள் இருந்து பார்த்தால் அந்த நேரத்தில் செய்யத்தக்க ஒரே காரியம் அதுதான்.

கதையைச் சொல்வதற்கு முன் படங்களைச் சொல்ல வேண்டும். டூவே தன்னை முதலில் ஓவியராகத்தான் நினைத்தார். ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, பாரீஸ் என்று முறையாகப் பயின்றவர். மூமின் பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். காடு, பாறை, கடல், இரவு எல்லாம் நுணுக்கமான மசிக் கோடுகளால் அடர்ந்திருக்கும். அதன் நடுவே மூமின்ட்ரோல் மட்டும் மசி படாத வெறும் காகிதம். இருட்டில் விட்டுவைத்த ஒரு துளி இடம்தான் கதாநாயகன். அவனுக்கு வாய் கிடையாது. ஒன்றிரண்டு இடங்கள் தவிர எங்கும் அவர் வாயை வரையவில்லை. கண் எங்கே பார்க்கிறது, காது எப்படிச் சாய்ந்திருக்கிறது, வயிறு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்தே அவன் அழுகிறானா வெட்கப்படுகிறானா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பாத்திரங்களின் முகத்தைக் கோணலாக்கி உணர்ச்சி காட்டுகிற இன்றைய படக்காரர்கள் இந்தச் சிக்கனத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மரங்களையும் மலைகளையும் எப்போதும் பாத்திரங்களைவிடப் பலமடங்கு பெரியதாக வரைவார். எட்டு வயதில் உலகம் அந்த அளவில்தானே தெரியும்.

1948 இல் வந்த ‘மந்திரவாதியின் தொப்பி’தான் இவரை உலகத்துக்குக் காட்டிய புத்தகம். தொப்பிக்குள் எது போட்டாலும் வேறொன்றாகிவிடும். முட்டை ஓட்டைப் போட்டால் சவாரி செய்யும் மேகங்கள் வருகின்றன. கண்ணாமூச்சி விளையாட்டில் மூமின்ட்ரோலே அதற்குள் ஒளிந்துவிடுகிறான். வெளியே வரும்போது குண்டான இடமெல்லாம் ஒல்லியாகி, ஒல்லியான இடமெல்லாம் பெருத்து, யாருக்கும் அடையாளம் தெரியாத பிராணியாகிவிட்டான். நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். அம்மா வருகிறாள், பயந்துபோன அந்தக் கண்களைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள், நீ என் பிள்ளைதான் என்கிறாள். அதோடு மந்திரம் முறிந்துவிடுகிறது. உலகத்தில் எத்தனையோ மாயக்கதைகளில் வாளும் மந்திரச் சொல்லும் செய்கிற வேலையை இங்கே ஒரு பார்வை செய்கிறது. இந்த இடத்தைப் படித்த எந்தக் குழந்தையும், தான் உருத்தெரியாமல் மாறிவிட்டாலும் தன்னை அடையாளம் கண்டுகொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பாமல் இருக்காது. வாசகப் பாசத்தின் முதல் கடன் இங்கேதான் வாங்கப்படுகிறது என்பேன்.

ஆனால் தொடரின் சிகரம் ஒரு சிறுகதை. 1962 இல் வந்த ‘காணாத குழந்தை’ தொகுப்பின் தலைப்புக்கதை. மழை பெய்கிற ஓர் இரவில் குடும்பத்தின் தோழி டூட்டிக்கி மூமின் வீட்டுக்கு நின்னி என்ற சிறுமியைக் கூட்டிவருகிறாள். கூட்டிவந்தது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் நின்னி கண்ணுக்குத் தெரியமாட்டாள். அவளை வளர்த்தவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. நாள் முழுக்க ஏளனமாகப் பேசினாள், அவ்வளவுதான். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி ஒருநாள் முற்றாக மறைந்துவிட்டது. எங்கே இருக்கிறாள் என்று தெரிய, கழுத்தில் ஒரு வெள்ளி மணி கட்டியிருக்கிறார்கள். மூமின் அம்மா பாட்டியின் பழைய குறிப்பேட்டைப் பார்த்து ஒரு கஷாயம் போடுகிறாள். நின்னியிடம் எதுவும் கேட்பதில்லை. அவளுக்கென்று ஒரு படுக்கை, தன் ரோஜா நிறச் சால்வையை வெட்டித் தைத்த ஒரு சட்டை. முதலில் பாதங்கள் தெரிகின்றன, பிறகு கால்கள், பிறகு சட்டையின் கழுத்துப்பட்டி வரை. முகம் மட்டும் வருவதில்லை. அவளுக்கு விளையாடத் தெரியாது, கோபப்படத் தெரியாது. சண்டைபோடக் கற்றுக்கொள்கிறவரை உனக்கு முகம் வராது என்று அந்த வீட்டிலுள்ள குட்டிப்பெண் லிட்டில் மை நேருக்கு நேர் சொல்லிவிடுகிறாள். கடைசியில், அப்பா விளையாட்டாக அம்மாவைக் கடலில் தள்ளப்போவதாகப் பாசாங்கு செய்ய, நின்னி பாய்ந்து அவர் வாலைக் கடித்துவிடுகிறாள். அந்தக் கணத்தில் முகம் வந்துவிடுகிறது. சப்பை மூக்கு, சிவந்த முடி, கோபமான முகம்.

அன்பு மட்டும் போதும் என்று சொல்லியிருந்தால் இது நல்ல கதை. அன்பு கழுத்துவரைதான் கொண்டுவரும், முகத்துக்குக் கோபம் வேண்டும் என்று சொன்னதால் பெரிய கதை. குழந்தைகளுக்கான எழுத்தில் கோபத்தை இப்படி மதித்தவர்கள் மிகக் குறைவு.

குரோக்கையும் இப்படித்தான் மெதுவாகச் செய்தார். தொப்பிக் கதையில் அவள் வெறும் பயங்கரம்: சாம்பல் மலைபோன்ற உருவம், அசையாத கண்கள், உட்கார்ந்த இடத்தில் புல்லும் சாகும். 1957 இல் வந்த ‘ட்ரோல் குளிர்கால’த்தில் நெருப்பைக் கண்டு வருகிறாள், சூடு வேண்டுமென்று அதன்மேல் உட்கார்ந்து அதையே அணைத்துவிடுகிறாள். இவ்வளவு தூரம் வந்தபின் அவள் வில்லி இல்லை என்று தெரிந்துவிடுகிறது. 1965 இன் ‘அப்பாவும் கடலும்’ புத்தகத்தில் மூமின்ட்ரோல் தீவின் கரையில் ஒவ்வோர் இரவும் யாருக்கும் சொல்லாமல் ஒரு அரிக்கேன் விளக்கை எடுத்துப்போய் அவளுக்குக் காட்டுகிறான். மண்ணெண்ணெய் தீர்ந்துபோன இரவில் வெறுங்கையோடு போகிறான். குரோக் விளக்கைத் தேடவில்லை. அவன் வந்ததே போதுமென்று பாடி ஆடுகிறாள். அவள் போனபின் மணலைத் தொட்டுப் பார்க்கிறான், அது உறைந்திருக்கவில்லை. ஒரு பேயின் கதையை முடிக்கப் பதினேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட எழுத்தாளர் இவர்.

அந்தக் கடல் புத்தகத்தைச் சிறுவர் நூல் என்று சொல்லவே எனக்குக் கொஞ்சம் தயக்கம். தன்னால் வீட்டுக்கு எந்தப் பயனும் இல்லை என்று உணரும் நடுவயது ஆண் குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு எரியாத கலங்கரைவிளக்கத் தீவுக்குப் போகிறார். ஊர் ஏக்கம் தாங்காத அம்மா சுவரில் தன் பழைய தோட்டத்தை வரைகிறாள். ஒரு மாலையில் அந்த ஓவியத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறாள். மற்றவர்கள் அவளைத் தேடுவதை மரத்தின் பின்னால் நின்று பார்க்கிறாள். எல்லாருக்கும் எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைக்காமல் இருக்க விரும்புகிறாள். எட்டு வயதில் படித்தால் இது வேடிக்கையான மாயம். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பக்கங்களைப் படிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

1970 இல் டூவேயின் அம்மா சிக்னே இறந்தார். அவ்வாண்டு வெளியான ‘நவம்பர் பிற்பகுதியில்’ புத்தகத்தில் மூமின்களே இல்லை. அவர்களைத் தேடி ஆறு பேர் பள்ளத்தாக்குக்கு வருகிறார்கள், வீடு காலியாக இருக்கிறது. அம்மாவைப்போல் இருக்கப்பார்க்கிறாள் ஒருத்தி, அப்பாவைப்போல் நடக்கிறார் ஒருவர், யாருக்கும் அது சரிவரவில்லை. டாஃப்ட் என்ற சிறுவன் தான் பார்த்தேயிராத அம்மா ஒருத்தியை மனதுக்குள் செதுக்கிவைத்திருக்கிறான். அவளுக்கும் கோபம் வரும், களைப்பு வரும், காட்டுக்குள் தனியாகப் போய்விடுவாள் என்பதை ஏற்றுக்கொள்ளும்போதுதான் தொலைவில் ஒரு படகின் விளக்கு தெரிகிறது. தொடர் அதோடு நின்றுவிட்டது. வாசகர்கள் கேட்டும் மூமின் நாவல் எதையும் அவர் அதன்பின் எழுதவில்லை. சரியான முடிவு.

வாசகர்கள் கேட்டார்கள் என்பது சாதாரணச் செய்தி இல்லை. 1954 இல் லண்டனின் ‘ஈவினிங் நியூஸ்’ நாளிதழில் தொடங்கிய மூமின் படத்தொடர் பல நாடுகளுக்குப் பரவியபின் கடிதங்கள் குவிந்தன. ஆண்டுக்குச் சுமார் இரண்டாயிரம். அவற்றுக்குக் கையால் பதில் எழுதினார். படத்தொடரை இன்னொரு தம்பி லார்ஸிடம் ஒப்படைத்துவிட்டார், கடிதங்களை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அந்த அன்பு எவ்வளவு பாரமானது என்பதையும் ஒளிக்கவில்லை. 1987 இல் வந்த ஒரு பெரியவர்களுக்கான தொகுப்பில், தமிக்கோ என்ற ஜப்பானியப் பெண் ஓர் எழுத்தாளருக்கு எழுதும் கடிதங்களாலேயே ஆன ஒரு கதை உண்டு. வாசகி நெருங்கி நெருங்கி வருகிறாள், எழுத்தாளரின் பதில்கள் நம் கண்ணில் படுவதேயில்லை. வாசகர்களின் பாசத்தைப் பற்றி ஓர் எழுத்தாளர் இத்தனை நேர்மையாக எழுதி நான் வேறெங்கும் படித்ததில்லை.

அவர் தனிமையை விரும்பியவர். துணைவியும் ஓவியருமான தூலிக்கி பியேட்டிலாவோடு, மின்சாரமில்லாத க்ளூவ்ஹாரு என்ற சிறு பாறைத்தீவில் எழுபது கடந்த வயதுவரை கோடைகளைக் கழித்தார். குளிர்காலக் கதையில் மூமின்ட்ரோலுக்குப் பனியைப் பழக்குகிற டூட்டிக்கிக்கு மூலம் தூலிக்கிதான். ஒருபால் உறவு ஃபின்லாந்தில் 1971 வரை சட்டப்படி குற்றம் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை வாசித்தால், யாருக்கும் சொந்தமில்லாத, வெளிச்சத்தில் வரத் தயங்குகிற பிராணிகளுக்காக அதில் இருக்கும் பரிவு இன்னும் துலக்கமாகத் தெரியும்.

புதிதாகப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ‘பெருவெள்ள’த்தில் தொடங்க வேண்டாம், அதில் டூவே இன்னும் கை பழகிக்கொண்டிருக்கிறார். ‘மந்திரவாதியின் தொப்பி’யைக் குழந்தையோடு உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். ‘ட்ரோல் குளிர்கால’த்தைக் குழந்தை தானே படிக்கட்டும், இடையில் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். ‘காணாத குழந்தை’யை ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கடைசி இரண்டு புத்தகங்களை உங்களுக்கென்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கோப்பை வாங்குவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.