குணமும் வாழ்வும்: 'நீதிமொழிகள்' பற்றிய ஒரு மறுநோக்கு

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள 'மிஷ்லே' என்னும் எபிரேய நூல் தமிழில் 'நீதிமொழிகள்' எனப் பெயர் பெற்றமை, அதன் வாசிப்பையே ஒரு திசையிற் செலுத்திவிட்டது எனலாம். மூலச்சொல் பழமொழியையும் ஒப்புமையையும் ஒருங்கே குறிப்பது. நாலடியாரும் ஆத்திசூடியும் பயின்ற நாமோ இதனையும் விதிகளின் தொகுதியாகவே கொண்டோம். சோம்பல் வறுமையிலும் ஊக்கம் செல்வத்திலும் முடியும் என்பது மாறா நியதியாயிற்று.

இந்நியதியை யார், யாருக்குக் கூறினர்? 25ஆம் அதிகாரம் எசேக்கியா மன்னனின் ஆட்களாற் பெயர்த்தெழுதப்பட்டதென நூலே கூறுகின்றது. 22ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனத்தில் தொடங்கும் பகுதி, எகிப்திய அமெனெமோப்பேயின் போதனையோடு கொண்டுள்ள நெருங்கிய ஒற்றுமையை 1924இல் அடொல்ஃப் எர்மான் எடுத்துக்காட்டினார். நாட்டார் வழக்குகள் பல கலந்திருப்பினும், அரசவை எழுத்தரைப் பயிற்றும் கல்வியின் சாயல் இந்நூலில் அழுத்தமாகவே உண்டு. எழுத்தருக்கு நாவடக்கம் பதவியைக் காக்கும். சினம் அதனைப் பறிக்கும். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனுக்கும் இக்கணக்குப் பொருந்துமா? கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்வோர் சோம்பலால் வறியராயினர் என்பது, கூலியைத் தீர்மானிப்போரை விசாரணையின்றியே விடுவிப்பதாகும்.

இத்துடன் நூலை ஒதுக்கிவிடுவதும் அவசர முற்போக்கே. ஏழையின் நிலம் நன்கு விளைந்தும் அநீதியால் அவன் பயனிழக்கலாம் என்பதை 13ஆம் அதிகாரம் அறிந்திருக்கின்றது. மூடனுக்கு மறுமொழி கூறாதே என்றும் கூறு என்றும் 26ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரு வசனங்கள் நிற்கின்றன. விதிநூல் இவ்வாறு பேசாது. நெடுங்காலம் மனிதரைக் கவனித்தவர் கண்ட போக்குகளே இவை.

1983 யூலையில் வெள்ளவத்தையில், உழைப்பாலும் சிக்கனத்தாலும் ஆண்டுக்கணக்கில் உருவான தமிழர் இல்லங்கள் சில மணி நேரத்தில் எரிந்தன. உரியவரின் நற்குணம் அவற்றைக் காக்கவில்லை. அதே நாட்களில் சிங்கள அயலவர் பலர் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்தனர். அது கணத்தில் தோன்றிய துணிவன்று, நாளாந்த அயலுறவில் மெல்லமெல்ல ஊறிய பழக்கம் என்றே கருதத் தோன்றுகின்றது. குணம் காலப்போக்கில் வாழ்வை உருவாக்கும் என்ற கூற்று இங்கேதான் பொருள்பெறுகின்றது. உருவானது பிறிதொருவரின் வாழ்வு.

கொலைக்கு இழுத்துச் செல்லப்படுவோரைக் காவாது, 'நாம் அறியோம்' என்று கூறும் சாக்கினை இதயங்களை நிறுப்பவர் ஏற்பதில்லை என 24ஆம் அதிகாரம் எச்சரிக்கின்றது. எழுத்தருக்குரியதெனக் கண்ட அதே பகுதியிலேயே இவ்வசனம் உள்ளது. எறும்பின் சுறுசுறுப்பைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கும் நாம் இதனைப் பாடமாக்குவதில்லை.