நாட்காட்டியில் வாழும் ஓவியர்

விற்பனைக்காக வரையப்பட்டது என்னும் ஒரே காரணத்தால் ஓர் ஓவியத்தைக் கலையுலகின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு நிறுத்தப்பட்டோருள் முதன்மையானவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. கள்ளக்குறிச்சி அரிசி ஆலைகளின் கணக்கு அறைகளிலும், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக் கடைகளிலும் தொங்கும் தெய்வப் படங்களைப் பார்ப்போர் பலர் அவர் பெயரை அறியார். ஆயினும் அப்படங்களின் நிற்கும் நிலை, விழி, வண்ணம் ஆகியவற்றில் அவர் வகுத்த மரபு இன்னும் தொடர்கிறது.

1898இல் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் மேலைநாட்டு முறையைப் பயின்றார். திருவண்ணாமலையில் இரமண முனிவரின் ஆசிரமத்தில் சில காலம் துறவு நாடி வாழ்ந்தார். பின்னர் நாடகக் குழுவொன்றில் திரைச்சீலை எழுதும் பணியை ஏற்றார். 1940களில் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தபோது, அவர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். அண்மையிலிருந்த சிவகாசி அச்சகங்கள் அவர் படங்களை நாட்காட்டிகளாக்கி நாடெங்கும் அனுப்பின. மணம் புரியாத அவருக்கு, சுப்பையா, இராமலிங்கம், செண்பகராமன் முதலிய மாணவர்களே குடும்பமாயினர். 1976இல் அவர் மறைந்தார்.

அவர் கலையின் வேர் நாடக மேடையில் இருக்கிறது என்பது நம் கருத்து. கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் முகம் தெரிய வேண்டும் என்பது மேடையின் விதி. அவர் தீட்டிய தெய்வங்கள் நம்மை நேர்முகமாய் நோக்குகின்றன; கண்கள் பெரியவை; பின்னணி திரைச்சீலைபோல் விரிகிறது. மேலைநாட்டு ஒளிநிழல் உடலுக்குத் திரட்சி தர, தஞ்சை ஓவியத்தின் அணிகலன் செழுமை அதன்மேல் அமர்கிறது. புகழ்பெற்ற மீனாட்சி திருக்கல்யாணப் படம் இதற்குச் சான்று. எழுத்தறியாதவரும் அதன் முன் கைகூப்ப இயன்றது. ஆண்டு முடிந்து தேதித்தாள் தீர்ந்த பின்னும், படத்தை எறிய மனமின்றிச் சட்டமிட்டு வைத்த இல்லங்கள் எத்தனையோ! எந்தத் திறனாய்வாளரின் பாராட்டும் இதற்கு ஈடாகாது.

எனினும் ஒரு வினாவை நாம் தவிர்க்க இயலாது. அப்படங்களில் செழித்த கன்னங்களும் பளபளக்கும் மேனியும் நிறைந்திருக்கின்றன. உழைத்துக் காய்ந்த கைகள் இல்லை. கல்வராயன் சரிவுகளில் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினர், தம் சாயலை அவற்றில் எங்கே காண்பர்? குறையை ஓவியர் தலையில் மட்டும் ஏற்றுவது நீதியாகாது. வாங்குவோர் விரும்பியதையே அச்சகம் கேட்டது. அச்சகம் கேட்டதையே தூரிகை தந்தது. கிறிஸ்தவராகிய நாமும் அந்த வாங்குவோருள் அடக்கம். அதே சிவகாசியிலிருந்து வரும் நம் திரு இருதய ஆண்டவர் படங்களிலும் வெளிர்மேனியும் செம்பட்டைக் கூந்தலுமே மிகுதி.

திரு அவை எந்தவொரு கலைப்பாணியையும் தனக்கே உரியதெனக் கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் தெளிவாக்கியது. வெறும் ஆடம்பரத்தைவிட மாண்புள்ள அழகையே நாடுமாறும் அது பணித்தது. இந்த உரைகல்லில் கொண்டையராஜுவின் அணிகலன்கள் மாற்றுக் குறையலாம். ஏழையின் சுவருக்கும் அழகைக் கொண்டுசேர்த்த அவர் பணி மாற்றுக் குறையாது.

கேட்டு வாங்குவோருக்காகச் செய்யும் கலை தாழ்ந்ததன்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளும் அவ்வாறே உளி பிடிப்பவர்கள். 2021இல் அவர்களது கைவினை புவிசார் குறியீடு பெற்றது. கலைஞனின் கை எவ்வளவு உயரும் என்பது, கேட்பவனின் உள்ளத்தையும் பொறுத்தது. ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தில் நம் பங்குகள் புத்தாண்டு நாட்காட்டிக்குச் சொல்லி வைக்கின்றன. அப்போது எந்த முகத்தைக் கேட்கிறோம்? தச்சனின் மகனை, வெயிலில் உழைத்த நிறத்தோடு வரைந்து தரும்படி கேட்க நமக்குத் துணிவு உண்டா? கொண்டையராஜுவைக் குறை கூறுமுன் இதற்கு நாம் விடை கூற வேண்டும்.