மந்திரப் பையும் மரத்தடிப் பெண்ணும்

ஆடவைக்கும் இசை தருகிறாயா? தருகிறேன். அறிவூட்டும் நாடகமும் ஒன்று ஆக்கியிருக்கிறேன், கேட்கிறீர்களா? கேட்கமாட்டோம்! ஸ்காட் ஜோப்லின் என்ற கறுப்பின இசைவாணருக்கு அமெரிக்கா அளித்த விடை இதுதான்.

1899இல் செடேலியா நகரில் ஜான் ஸ்டார்க் என்பார் அச்சிட்ட 'மேப்பிள் லீஃப் ராக்' நாடெங்கும் பரவிற்று. இடக்கை படைநடைபோல் ஒழுங்காக அடியெடுத்து வைக்கும்; வலக்கை அந்த ஒழுங்கோடு மல்லுக்கு நிற்கும். அதுதான் ராக்டைம். படியொன்றுக்கு ஒரு சென்ட் ஜோப்லினுக்கு. அற்பத் தொகைதான், ஆயினும் உரிமையை ஒரேயடியாக விற்றுவிட்டு வெறுங்கையோடு போனவர் பலர் இருந்த காலம் அது!

புகழ் வந்தது. குடிக்கூடங்களில் அவர் இசை ஒலித்தது. ஆனால் அவர் நெஞ்சில் வேறொன்று கனன்றது. 1903இல் எழுதிய முதல் இசை நாடகத்தின் ஏடே காணாமற் போயிற்று. இரண்டாவதான 'ட்ரீமோனிஷா'வை, சொல்லும் இசையும் தாமே ஆக்கி, 1911இல் 230 பக்க நூலாகத் தம் கைப்பொருள் கொண்டே நியூயார்க்கில் அச்சிட்டார்.

கதை நடப்பது 1884இல், அவர் வளர்ந்த டெக்சர்கானாவுக்கு அருகே ஒரு பண்ணையில். அடிமைத்தளை அறுந்து பத்தொன்பது ஆண்டுகள், அறியாமைத்தளை அறவில்லை. மந்திரவாதியொருவன் அதிர்ஷ்டப் பை விற்க வருகிறான். விரட்டுகிறாள் ட்ரீமோனிஷா, மரத்தடியில் கண்டெடுக்கப்பட்டு மோனிஷா, நெட் தம்பதியரால் வளர்க்கப்பட்டவள். அவ்வட்டாரத்தில் பள்ளி இல்லை. வெள்ளை மாது ஒருத்தி பாடம் சொன்னாள். கூலியாகத் தாய் துணி வெளுத்தாள், தந்தை விறகு பிளந்தார். கறுப்பினப் பெண்ணின் அறிவு வெள்ளையர் இட்ட பிச்சையா என்று கேட்பார் உண்டு. பிச்சையன்று, உழைத்து வாங்கியது என்போம் நாம். ஜோப்லினின் தாயும் பிறர் வீடுகளில் வேலை செய்தவரே. அவ்வீடுகளின் பியானோவில்தான் மகன் விரல் பழகிற்று.

ஊரில் போதகரும் ஒருவர் உண்டு. அவருக்கு ஆசிரியர் இட்ட பெயர் 'ஆல்டாக்', அதாவது வாய்ச்சொல்லே முழுவதும்! அவர் நல்லுரை பொழிந்து முடித்த சிறுபொழுதில், மந்திரவாதிகள் பெண்ணைக் கடத்திவிட்டனர் என்று செய்தி வருகிறது. குளவிக்கூட்டில் தள்ள முனைகின்றனர். காட்டுப் பொம்மை வேடத்தில் ரீமஸ் என்ற இளைஞன் வர, பேய் என்று மிரண்டு ஓடுகின்றனர். பிறரை மிரட்டிப் பிழைத்தோர் தம் பொய்க்குத் தாமே பலியாகும் இக்காட்சிக்கு நிகரானது நாடகத்தில் வேறில்லை.

பிடிபட்டோரை அடிக்கத் துடிக்கிறது ஊர். மன்னிக்கச் சொல்கிறாள் ட்ரீமோனிஷா. இங்கே நாம் தயங்குகிறோம்: ஒரு பாட்டில் இத்தனை பேர் திருந்துவது எளிதா? வசனமும் பல இடங்களில் தட்டையே. பள்ளிப்பாட நெடி வீசுகிறது. குறையை மறைப்பானேன்? ஆயினும், தலைமை ஏற்கச் சொல்லும்போது அவள், பெண்கள் பின்வருவர், ஆண்கள் வருவார்களா என்று கேட்கிறாளே, அந்தக் கேள்வி சுடுகிறது. அமெரிக்கப் பெண்டிர்க்கு நாடு முழுமைக்கும் வாக்குரிமை வந்ததே 1920இல்தான்! ஆண்களும் இசைகின்றனர். உடனே மெதுநடைக் கூத்து தொடங்குகிறது. அதுவரை அடக்கி வைத்த ராக் தாளத்தை ஜோப்லின் இங்கே அவிழ்த்துவிடுகிறார். சொல் தளர்ந்த இடத்தையெல்லாம் இசை ஈடுசெய்துவிடுகிறது.

1915இல் ஹார்லெமில், திரைச்சீலையின்றி, வாத்தியக் குழுவின்றி, தாமே பியானோ வாசித்து அரங்கேற்றிப் பார்த்தார். எடுபடவில்லை. 1917 ஏப்ரல் முதல் நாள் நியூயார்க் மருத்துவமனையொன்றில் மனநிலை குலைந்து மாண்டார். கல்லறைக்குப் பெயர்க்கல் 1974 வரை இல்லை!

1972இல் அட்லாண்டாவில் முழு நாடகமாக மேடையேறிற்று. 1976இல் புலிட்சர் சிறப்புப் பரிசு, இறந்தவருக்கு! வாத்தியக் குழுவுக்கென ஜோப்லின் எழுதிய ஏடுகள் மறைந்துவிட்டன. அட்லாண்டாவில் ஒலித்த வாத்திய அமைப்பு, கறுப்பின இசைவாணர் டி. ஜே. ஆண்டர்சன், அந்த 230 பக்கங்களிலிருந்து புதிதாக எழுதியது.